ஆறு பேருக்கு மலிவாக வெயில்

1

இந்த மாசியுடன் ஓராண்டு நிறைகிறது. இதை எழுதப் பலமுறை அமர்ந்து, ஒவ்வொரு முறையும் பயத்தில் எழுந்துவிட்டேன். பயம் இன்னும் விலகவில்லை. எனினும், வெளிநாட்டிலிருந்து வரும் நாங்கள் உங்களிடம் எதை மறைத்துக்கொண்டு வருகிறோம் என்பதை ஊரில் இருக்கும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

நான் ஒஸ்லோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழ்பவள். யாழ்ப்பாணத்தில் சமூகவியல் படித்துப் பட்டம் பெற்றேன். இங்கே நகரசபையின் முதியோர் பிரிவில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் பகுதித் தமிழ் மூத்தோர் கூடும் மண்டபத்துக்குப் போய், அவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்து விளக்குவேன்; படிவங்களை நிரப்பிக் கொடுப்பேன். அவர்களுள் பலர் இளமையில் இந்நாட்டின் வடமுனைக்கு வந்து, மீன் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்காக நின்று வேலை செய்தவர்கள். இன்று அவர்களின் தோள்களும் விரல் மூட்டுகளும் குளிரைப் பொறுப்பதில்லை. மார்கழியில் நடைபாதை கண்ணாடிபோல் உறைந்துவிட்டால், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் வாரக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார்கள்.

நோர்வேஜிய முதியவர்கள் குளிர்காலத்தில் கனாரித் தீவுகளுக்குப் போய் வெயில் காய்வது வழக்கம். நாமும் அப்படி ஒரு சிக்கனமான பயணம் போனால் என்ன என்று நான்தான் முதலில் கேட்டேன். அந்தக் கேள்வியின் பொறுப்பை வேறு யார் மீதும் சுமத்த இயலாது.

"உங்கை போய் என்னத்தைச் சாப்பிடுறது? மூண்டு நேரமும் உருளைக்கிழங்கு. அதை இஞ்சை இருந்தே தின்னலாம்," என்றார் கதிர் அண்ணை. ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபத்து மூன்று வயது, வாய் ஓயாதவர்.

"வெயில் எங்கையும் வெயில்தானே, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. இஞ்சை குளிருக்கை வெளிநாட்டுக்காரர். அங்கை வெயிலுக்கை வெளிநாட்டுக்காரர். ஒருக்கால் எண்டாலும் வெயிலுக்கை ஊர்க்காரராய் இருந்து பாப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த பரமேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்காமல், "ஊருக்குப் போவம்" என்றார். "எனக்கு அங்கை சரசு இருக்கிறாள்." சரசு அவருடைய தங்கை, கொடிகாமத்தில் தனியாக வாழ்பவர். அக்காவுக்கு எழுபத்தொரு வயது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றது என்பதால், இரத்தம் உறையாமல் இருக்க நாளுக்கு ஒரு குளிசை எடுத்துவந்தார்.

அப்படித்தான் ஆறு முதியவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் மூன்று வாரம் என்று முடிவாயிற்று.

2

சிக்கனமாகத் திட்டமிடுவது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. சிக்கனம் எதைப் பறிக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுதான் உறக்கத்தைக் கெடுத்தது. ஒரு கொப்பியில் இடப்பக்கம் ஒவ்வொரு சிக்கனத்தையும், வலப்பக்கம் அதன் விளைவையும் எழுதினேன். மலிவான விமானமென்றால் வளைகுடாவில் ஒன்பது மணிநேரக் காத்திருப்பு, கால் வீங்கும். கொழும்பிலிருந்து வான் வண்டி பிடிக்காமல் ரயிலில் போனால் ஏறி இறங்கும் படிகள். விடுதிக்குப் பதிலாக, நெல்லியடிக்கு அருகே லண்டன்காரர் ஒருவர் பூட்டி வைத்திருந்த வீடு. குளியலறைத் தரை வழுக்கும். வானை நாள்தோறும் வைத்திராமல் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் அமர்த்தினால் செலவு பாதியாகும். அதற்கு எதிரே, "வானில்லாத நாளில் ஏதேனும் நேர்ந்தால்?" என்று எழுதினேன். அதற்குக் கீழே விடையென எதையும் எழுதவில்லை.

உறவினர் வீடுகளில் தங்குவதில்லை என்பதில் மட்டும் அனைவரும் ஒருமனமாக இருந்தார்கள். வாடகை கேட்காத அந்த வீடுகளில்தான் செலவு அதிகம் என்பது வெளிநாட்டிலிருந்து ஒருமுறையாவது வந்துபோனவருக்குத் தெரியும்.

அடுத்து உடல்நலப் படிவம். ஒவ்வொருவரையும் தனித்தனியாக இருத்திக் கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு என்ன வருத்தம் இருக்கு?"

"ஒரு வருத்தமும் இல்லை."

"குளிசை எத்தினை எடுக்கிறியள்?"

"ஏழு."

"வருத்தமில்லாமல் ஏழு குளிசையோ?"

"சீனிக்கு ரெண்டு, பிறஷருக்கு மூண்டு, கொழுப்புக்கு ஒண்டு, மற்றது என்னத்துக்கெண்டு டொக்டருக்கும் தெரியாது. இதெல்லாம் வருத்தமே பிள்ளை? இது வயசு."

எழுதிக்கொண்டேன். கிழமையின் ஏழு நாட்களுக்கும் அறை பிரித்த பிளாஸ்டிக் மருந்துப் பெட்டிகளை வாங்கி, ஒவ்வொருவருக்கும் பெயரொட்டிக் கொடுத்தேன். பயணத்தில் நாள்தோறும் மாலையில் ஆறு பெட்டிகளையும் நானே திறந்து பார்ப்பேன் என்று விதித்தேன். நல்ல ஏற்பாடு என்று அப்போது நம்பினேன். பெட்டியின் அறை வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கலாம். அதில் இருந்தது எங்கே போயிற்று என்று பெட்டி சொல்லாது.

புறப்படுவதற்கு முதல் வாரம் அக்காவின் மகன் பிரணவன் தொலைபேசியில் பேசினான். ட்ரொன்ட்ஹெய்மில் பொறியியலாளன். நான்கு வயதில் ஊரைப் பார்த்ததோடு சரி. "மாமி, அம்மா..." என்று தமிழில் தொடங்கி, மூன்றாம் சொல்லில் நோர்வேஜிய மொழிக்கு மாறினான். அங்கே நல்ல வைத்தியசாலை உண்டா, காப்புறுதி எல்லாவற்றையும் ஏற்குமா, அம்மாவுக்கு ஏதேனும் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டான். நான் பொறுப்பு என்றேன். அந்தச் சொல்லை நோர்வேஜிய மொழியில் சொல்வது எளிது. அலுவலகத்தில் நாளுக்குப் பத்து முறை சொல்கிறோம்.

3

முதல் பத்து நாட்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. வெயில் தன் வேலையைச் செய்தது. ஒஸ்லோவில் கோப்பைப் பிடியைக்கூட மடக்கிப் பிடிக்க முடியாதிருந்த விரல்கள் முருங்கைக்கீரை ஆய்ந்தன. காலை ஏழு மணிக்கே ஆறு பேரும் முற்றத்தில் கதிரைகளைப் போட்டு, வெயில் நகர நகரத் தாமும் நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

நான்தான் வெயிலை அனுபவிக்கவில்லை. குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கினேன். நுளம்புவலைகளின் ஓட்டைகளைத் தைத்தேன். வீதியைக் கடக்கும்போது ஆறு தலைகளையும் எண்ணினேன்.

"எங்களை ஆறு சூட்கேஸ் எண்டு நினைச்சுப்போட்டாள்," என்றார் கதிர் அண்ணை. "பெயர் ஒட்டினதுதான், இனி நிறுக்கிறதுதான் பாக்கி."

ஒருநாள் பருத்தித்துறை மீன்சந்தைக்குப் போனோம். பரமேஸ்வரி அக்கா ஒரு பாரையின் செவுளைப் பெருவிரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது ஐஸிலை மூண்டு நாள் படுத்து எழும்பினது" என்றார்.

வியாபாரி திடுக்கிட்டு, "அம்மா எந்த நாட்டாலை வந்தனீங்கள்?" என்றார்.

"மீன் நாட்டாலை. இருபத்தாறு வருசம் மீனோடை நிண்டனான். என்னை ஏய்க்கேலாது."

அன்று அவர் நடந்த நடை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இவரைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்று எண்ணினேன். ஆறு பேரில் அவரைப் பற்றித்தான் நான் மிகக் குறைவாகப் பயந்தேன்.

பதினோராம் நாள் கொடிகாமத்துக்குச் சரசு அக்காவைப் பார்க்கப் போனோம். பரமேஸ்வரி அக்கா ஒரு பிஸ்கட் தகரத்தைத் தங்கையின் மடியில் வைத்தார். சரசு அக்கா அதைத் திறக்காமலே அலுமாரிக்குள் கொண்டுபோய் வைத்தார். பிஸ்கட்டை அலுமாரிக்குள் வைப்பானேன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

4

அதற்கு இரண்டு நாட்களின் பின், புதன்கிழமை காலை. வான் இல்லாத நாள்.

அக்கா முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பை கையிலிருந்து நழுவி மடியில் கவிழ்ந்தது. சூடு பட்டும் அவர் துள்ளவில்லை. அதைக் கண்டுதான் ஓடினேன். வாயின் வலப்பக்கம் சரிந்திருந்தது. "அக்கா, கையைத் தூக்குங்கோ" என்றேன். இடக்கை எழுந்தது, வலக்கை எழவில்லை. ஏதோ சொல்ல முயன்றார். சொல் வரவில்லை, ஒலி மட்டும் வந்தது. அவருடைய கண்களுக்கு அது தெரிந்திருந்தது. தன் வாயிலிருந்து வருவது பேச்சல்ல என்று உணர்ந்த ஒருவரின் கண்களை நான் அதற்குமுன் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

பக்கவாதத்தின் இந்த அறிகுறிகளை நகரசபைப் பயிற்சியில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். அறியாதவர் பொதுவாகப் பயப்படுவார். அறிந்த எனக்கு, கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் எதை அழிக்கும் என்று தெரிந்தது.

வான் சாரதியை அழைத்தேன். கலியாண வீடொன்றுக்காகக் கிளிநொச்சியில் நின்றார். கதிர் அண்ணை படலையைத் திறந்து வீதிக்கு ஓடி, "ஓட்டோ! ஆரும் ஓட்டோ வைச்சிருக்கிறியளோ?" என்று கத்தினார். மூன்றாம் வீட்டுக்காரர் கட்டியிருந்த சாரத்துடனேயே ஓட்டோவைக் கொண்டுவந்தார். அது வந்து சேரப் பன்னிரண்டு நிமிடங்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செலவைப் பாதியாக்கியது எந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் பறித்தது என்று எனக்குத் தெரியும்.

பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் உடனே வந்தார். நான் தட்டச்சுச் செய்து வைத்திருந்த பட்டியலை நீட்டினேன்.

"இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை எழுதியிருக்கு. இதை ஒவ்வொரு நாளும் ஒழுங்கா எடுத்தவவோ?"

"ஓம் டொக்டர், ஒருநாளும் தவறேல்லை. நான் ஒவ்வொரு நாளும் பெட்டியைப் பாக்கிறனான்."

"அப்பிடியெண்டால் தலைக்குள்ளை இரத்தக் கசிவோ எண்டு முதல் பாக்கவேணும்," என்று அவர் எழுதத் தொடங்கினார்.

கதிர் அண்ணை என் தோளைத் தொட்டார். "பிள்ளை, ஒருக்கால் இஞ்சாலை வா."

"இப்பவோ அண்ணை?"

"இப்பதான்."

இரண்டடி தள்ளி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுக்கிறவ. மற்றதைச் சேர்த்துச் சரசுவுக்குக் குடுத்திட்டா. ஐப்பசியிலை இருந்து."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கள் எல்லாருக்கும் தெரியும். நானும் என்ரை சீனிக் குளிசையிலை மிச்சம் பிடிச்சுத் தம்பியின்ரை மனிசிக்குக் கொண்டந்தனான். ஆறு பேரும் கொண்டந்தவைதான். வெறுங்கையோடை என்னண்டு வாறது?"

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ பயணத்தை நிப்பாட்டிப்போடுவாய். நீ எல்லாத்துக்கும் பயப்பிடுற ஆளெல்லே." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதைச் சொன்னால் காப்புறுதிக்காரர் கைவிட்டிடுவாங்களோ?" என்று கேட்டார்.

இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு மூச்சளவு நேரம் நான் பேசாமல் நின்றேன். காப்புறுதி, பிரணவன், என் வேலை, மண்டபத்தில் எனக்கிருக்கும் பெயர் ஆகிய நான்கும் அந்த மூச்சுக்குள் வந்துபோயின. விளைவுகளை எண்ணும் என் பழக்கத்தை ஒரு நற்குணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். கட்டிலில் ஒரு மனிதர் பேச்சிழந்து கிடக்க, அந்தப் பழக்கம் முதலில் என்னைத்தான் காப்பாற்றப் பார்த்தது.

பிறகு உள்ளே போய், "டொக்டர், நான் சொன்னது பிழை" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "அப்ப அடைப்பாய் இருக்கக்கூடும். சொன்னது நல்லது. எதெண்டாலும் ஸ்கான் எடுக்கவேணும், யாழ்ப்பாணம் அனுப்புறன்" என்றார். அம்புலன்ஸ் வரும்வரை அக்காவின் நாடியைப் பிடித்தபடி நின்றவர், என்னைப் பாராமலே சொன்னார்: "வெளிநாட்டாலை வாறவையின்ரை பட்டியலை நாங்கள் எப்பவும் ரெண்டாந்தரம் கேக்கிறனாங்கள், அக்கா."

5

அடைப்புத்தான், சிறியது. மறுநாள் நண்பகலில் பேச்சு திரும்பத் தொடங்கியது. சொற்கள் ஈரத்துணிபோல் கனத்து வந்தன. வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை.

சரசு அக்கா கொடிகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பிஸ்கட் தகரத்தைக் கட்டிலில் வைத்தார்.

"உன்னை ஆரடி கேட்டது?"

அக்கா திக்கித் திக்கிச் சொன்னார்: "மாசா மாசம் ரத்தம் குத்தக் கிளினிக்கிலை விடியத்தொட்டு நிக்கிறன் எண்டு நீதானே அழுதனீ. இந்தக் குளிசைக்கு ரத்தம் பாக்கத் தேவையில்லை."

"அலுப்பிலை சொன்னனான். உன்ரை உயிரைக் கேட்டனானோ? உனக்கென்ன விசரே?"

சரசு அக்காவுக்கும் அதே இதய நோய். தமக்கை மருந்து கொண்டுவருகிறார் என்ற நம்பிக்கையில் அவர் தைமாதத்துடன் கிளினிக் போவதை நிறுத்தியிருந்தார் என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஒருவருக்கான மருந்தில் இருவர் அரைகுறையாக உயிர்வாழ முயன்றிருக்கிறார்கள். அன்றே வைத்தியர் அவரையும் பரிசோதித்து, பழைய மருந்தில் மீண்டும் சேர்த்தார்.

"தகரத்தை அவளிட்டை இருந்து வாங்காதையுங்கோ," என்றார் அக்கா என்னிடம். திக்காமல் அவர் சொல்லி முடித்த முதல் வசனம் அது.

நான்காம் நாள் பிரணவன் வந்து சேர்ந்தான். தாயின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். அவனிடம் தமிழில் அவ்வளவு சொற்கள் இல்லை. தாயிடமும் அப்போது எந்த மொழியிலும் அதிகமில்லை. வெளியே வந்து என்னிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டான்: என்னிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் சித்திக்கு வருடம் முழுவதற்கும் அந்த மருந்தை இங்கேயே வாங்கிக் கொடுத்திருப்பேனே, ஏன் கேட்கவில்லை?

அக்காவிடம் அதைக் கேட்டேன்.

"கேட்டால் தருவான். எனக்குத் தெரியும்," என்றார். "அவன் தந்தால் அது அவன்ரை காசு. இது என்ரை உடம்பிலை நான் மிச்சம் பிடிச்சது."

அதை நான் பிரணவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தலையசைத்தான். என்ன விளங்கிக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை.

ஒஸ்லோ திரும்பியதும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து படிவம் வந்தது. நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாததற்குக் காரணம் யாது? மறதி, பக்கவிளைவு, வேறு என்று மூன்று கட்டங்கள். "வேறு" என்பதன் எதிரே இரண்டு வரிகளுக்கு மட்டும் இடம். இந்நாட்டு மக்களின் வரிப்பணம் சலுகை விலையில் கொடுத்த மருந்தை ஒருவர் தன் இரத்தத்திலிருந்து பிடித்துவைத்துத் தங்கைக்குக் கொடுத்ததை இரண்டு வரிகளில் எழுதினேன். அது சட்டத்துக்குப் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். அது தவறு என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதும் உண்மை. பதில் எங்களுக்குச் சாதகமாக வரவில்லை.

6

இந்த ஆண்டும் போவோமா என்று கதிர் அண்ணை கேட்டார். நான் மறுக்கவில்லை, உடன்படவும் இல்லை. போவதாயின், வருத்தம் என்னவென்று கேட்பதற்கு முன் யாருக்கு மருந்து கொண்டுபோக எண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்பேன் என்றேன். ஒவ்வொருவராக எட்டுப் பெயர்களைச் சொன்னார்கள். அந்தப் பெயர்களுக்கு ஊரிலேயே வைத்தியரின் கடிதத்துடன் மருந்து வாங்க என்ன வழி என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு ஆறு பேருக்காகப் பயந்தேன். இப்போது பதினான்கு பேருக்காகப் பயப்படுகிறேன்.

சகோதரிகள் இருவரும் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இங்கே நண்பகல் பன்னிரண்டரை. அங்கே மாலை ஐந்து. வீடியோ அழைப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அவரவர் குளிசையை அவரவர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டவேண்டும். ஒருவரையொருவர் அவர்கள் நம்புவதில்லை. அது நல்லது என்றே நினைத்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவின் வீட்டில் இருந்தேன். சாப்பாடு முடிந்தது. குளிசை அவருடைய இடது உள்ளங்கையில் இருந்தது. அழைத்தோம். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தோம். ஓய்ந்தது.

"நீங்கள் போடுங்கோ அக்கா. அவ பிறகு எடுப்பா."

"அவள் வரட்டும்."

"நேரம் போகுது."

"அவள் வரட்டும் எண்டனான்."

அக்காவின் கை வியர்த்தது. குளிசையின் சாயம் தோலில் இறங்கியது. சரசு அக்கா விழுந்து கிடக்கிறாரோ, அவருடைய வாயும் சரிந்துவிட்டதோ, கேட்க அயலில் யாரேனும் உண்டோ என்று என் மனம் ஓடியது. அதனினும் மோசமான ஒன்றும் தோன்றியது: அங்கே அவர் வராவிட்டால் இங்கே இவரும் விழுங்கமாட்டார். ஓர் ஆபத்தைத் தடுக்கிறோம் என்று எண்ணி, இரண்டு உயிர்களை ஒரே நூலில் கட்டிவிட்டிருந்தோம்.

இருபது நிமிடங்களின் பின் திரை ஒளிர்ந்தது. சரசு அக்கா மூச்சிரைக்க, கையில் சந்தைப் பையுடன் நின்றார்.

"பஸ் பிந்திப்போச்சு. என்னடி அப்பிடிப் பாக்கிறாய்? நான் செத்துப்போனன் எண்டு நினைச்சியோ?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு அக்கா குளிசையை வாயில் போட்டார்.